மஞ்சள் ஓலையும் அம்மாவின் கால்பிடிப்பும்

ஒரே பிழையை இரண்டு இடங்களில் செய்தவன் நான். ஒன்று தோப்பில்; மற்றொன்று வீட்டில். இரண்டு இடத்திலும் குறைந்திருந்தது ஒரே பொருள்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். என் அனுபவம் சில குடும்பங்களுக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

ஆம்பூருக்கு அருகே பாலாற்றை ஒட்டி எங்களுக்கு ஒரு சிறு தென்னந்தோப்பு உண்டு. அத்தா மௌத்தான பின் அது என் பொறுப்பில் வந்தது. நானோ தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். மரத்தைப் பற்றி அதிகம் அறியாதவன். சில ஆண்டுகளில் அடி மட்டை ஓலைகள் மஞ்சளாகத் தொடங்கின. குருத்து மட்டும் பச்சையாக இருந்தது. தென்னைக்குப் பொட்டாஷ் உரம் முக்கியம் என்று யாரோ சொன்னதை நம்பி, அளவுக்கு மேல் அள்ளிப் போட்டேன். மஞ்சள் குறையவில்லை, கூடியது. "எல்லாம் தோல் ஷாப்புத் தண்ணீர் செய்த வேலை" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அச்சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. வேலூர் மாவட்டத்தில் தோல் கழிவினால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதை, 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுப் பிரச்சினையில் அந்நீதிமன்றம் மீண்டும் கண்டிப்பான ஆணைகளைப் பிறப்பித்தது. ஆனால் என் மரங்களின் நோய் என்னவென்று நான் யாரிடமும் கேட்டறியவில்லை. குற்றவாளி தெரிந்துவிட்டதால் நோயும் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

கடைசியில் நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் மண்ணையும் கிணற்று நீரையும் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். தோப்பைப் பார்வையிட வந்த வேளாண் அலுவலர் ஓர் ஓலையைக் கையில் எடுத்துக் காட்டினார். வெயில் பட்ட பகுதி மஞ்சள். நிழலில் மறைந்திருந்த பகுதி பச்சை. "இது மக்னீசியக் குறைவின் அடையாளம், ஐயா" என்றார்.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. அது இல்லையேல் இலையால் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்க இயலாது. பற்றாக்குறை வரும்போது மரம் முதிர்ந்த ஓலைகளிலிருந்து மக்னீசியத்தை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கிறது. பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தான் பட்டினி கிடக்கும் தாயைப் போன்ற செயல் அது. அடி ஓலை முதலில் பழுப்பது அதனால்தான்.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. எங்கள் கிணற்று நீர் சோப்பு நுரைக்காத கடின நீர். கடின நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உண்டே! அலுவலர் விளக்கினார்: "இருப்பது வேறு, வேருக்குக் கிடைப்பது வேறு. பச்சைத் தோலைப் பதப்படுத்த இடும் உப்பு நீரில் கரைந்து நிலத்தில் சேர்ந்திருக்கிறது. அந்தச் சோடியமும் நீங்கள் கொட்டிய பொட்டாஷும் வேரின் வாசலில் முண்டியடிக்கின்றன. மக்னீசியம் உள்ளே நுழைய வழியில்லை."

முப்பது ஆண்டுகள் மக்னீசிய ஆக்சைடு மூட்டைகளைக் கணக்கில் எழுதியவன் நான். பதனிட்ட கழிவு நீரில் மிஞ்சும் குரோமியத்தைப் படியவைத்து மீட்க அது பயன்படும். தொழிற்சாலையில் மூட்டை மூட்டையாகக் கண்ட பொருளை என் மரம் சிறிதளவு கேட்டபோது எனக்குப் புரியாமல் போயிற்று.

பொட்டாஷைக் குறைத்தேன். மரத்திற்கு ஆண்டுக்கு அரைக் கிலோ மக்னீசியம் சல்பேட்டைத் தொழு உரத்துடன் சேர்த்து இட்டேன். நாம் பேதியுப்பு என்று அழைப்பது இதைத்தான். தென்னை மாதத்திற்கு ஏறத்தாழ ஓர் ஓலையே விடும். ஆகவே பொறுமை வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டில் தோப்பின் நிறம் மாறியது, அல்ஹம்துலில்லாஹ்.

இனி வீட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், நெடுநாளாக நீரிழிவு. நெஞ்செரிச்சலுக்கென்று ஒரு மாத்திரையை டாக்டரிடம் மீண்டும் கேட்காமலேயே ஆண்டுக் கணக்கில் விழுங்கி வந்தார். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். விரல்கள் மரத்துப் போகும். நான் சுண்ணாம்புச் சத்துக் குறைவென்று முடிவு கட்டி, கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் ஃபஜ்ருக்கு எழுந்தவர் கைவிரல்கள் இழுத்துக்கொள்ள அப்படியே அமர்ந்துவிட்டார். பதறி வேலூருக்கு அழைத்துச் சென்றோம்.

"கால்சியம் குறைவுதான். ஆனால் அதற்குக் காரணம் மக்னீசியக் குறைவு. அதைச் சரி செய்யாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் நிற்காது" என்றார் டாக்டர். நீரிழிவில் மக்னீசியம் சிறுநீரில் வெளியேறும். அமிலத்தைக் குறைக்கும் சில மாத்திரைகளை நீண்ட நாள் உட்கொண்டாலும் குறையும் என்று விளக்கினார். தோப்பில் பொட்டாஷ், வீட்டில் கால்சியம்! நான் தலை குனிந்து நின்றேன். மருந்தை நரம்பு வழியே ஏற்றி, பழைய மாத்திரையையும் மாற்றிய பின் அம்மா தேறினார்.

மனித உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உள்ளது. அதில் பாதிக்கு மேல் எலும்பில். தசை தளர்வதற்கும், இதயம் சீராகத் துடிப்பதற்கும், உணவு சக்தியாக மாறுவதற்கும் அது தேவை. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் அளவில் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 140 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. நன்கு தீட்டிய வெள்ளை அரிசியில் 20 அளவே. தவிட்டுடன் அது போய்விடுகிறது. கீரை, பயறு, வேர்க்கடலை, எள், பாதாம் ஆகியவற்றில் நிறைய உண்டு. பிரியாணி மணக்கும் நம் வீடுகளில் வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் களியும் கீரையும் இடம் பெறட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே மக்னீசிய மாத்திரையையோ பேதியுப்பையோ விழுங்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அல்லாஹ் ஒவ்வொன்றையும் அளவோடு படைத்திருக்கிறான். எது குறைவு, எது மிகுதி என்று அறிந்தவரிடம் கேட்டுச் செயல்படுவதே நம் கடமை. இப்போது தோப்புக்கு உரம் வாங்குமுன் மண்ணைச் சோதிக்கிறேன்; அம்மாவுக்கு மாத்திரை வாங்குமுன் டாக்டரைக் கேட்கிறேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சியைக் கையில் கொடுக்கும்போது, "மரத்துக்கு வைத்தாயா?" என்று அம்மா சிரித்துக்கொண்டே கேட்பார்.