ஒற்றைத்தடப் பாலம்

மும்பையில் முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த எங்களுக்கு, மனந்திறந்து பேசிக்கொள்ள நியூசிலாந்து வரை போகவேண்டியிருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பெருநகரங்களில் வாழும் நம்மில் பலருடைய நிலை இதுவே என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் முப்பதாவது மணநாளை முன்னிட்டு மகள் விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். 2024 நவம்பரில் கிறைஸ்ட்சர்ச் நகரில் இறங்கினோம். அந்நாட்டிற்குள் கொண்டுவரும் உணவுப்பொருள் அனைத்தையும் அறிவிக்கவேண்டும். மறைத்தால் 400 டாலர் அபராதம். என் மனைவி பருப்புப்பொடி முதல் கறிவேப்பிலை வரை ஒன்றுவிடாமல் எழுதிக்கொடுத்தாள். அதிகாரி கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் புன்முறுவலோடு திருப்பித் தந்தார்.

அவள் எதையும் மறைக்கவில்லை. நானோ ஒன்றை மறைத்துக்கொண்டுதான் புறப்பட்டிருந்தேன். பணி ஓய்வுக்குப்பின் ஊருக்கே போய்விடுவது என்று நானாகவே தீர்மானித்து, நாசரேத்துக்கு அருகில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். மகளும், பேரனும், பழகிய சபையும் மும்பையில் இருக்க, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கொண்டோம். அங்கும் நம்மைப் போல இடப்பக்கமே ஓட்டுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் டெக்காப்போ ஏரியை அடைந்தோம். பனியாறுகள் பாறையை அரைத்த மாவு நீரில் மிதப்பதால், அந்த ஏரிக்குப் பால் கலந்தாற்போன்ற ஒரு நீலம். கரையில் 1935-இல் கல்லால் கட்டப்பட்ட நல்ல மேய்ப்பன் ஆலயம் நிற்கிறது. பீடத்தின் பின்னே உள்ள சன்னல் வழியாக ஏரியும் மலைகளும் தெரிகின்றன. அங்கே அருகருகே அமர்ந்திருந்தோம். அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரவுகளில் சிறு விருந்தினர் விடுதிகளில் தங்கினோம். சில இடங்களில் அறைச் சாவியோடு தேநீருக்கென்று ஒரு சிறு புட்டிப் பாலும் கையில் தருவார்கள். சமையலறை தங்குவோர் அனைவருக்கும் பொது. அவரவர் சமைத்து, அவரவர் பாத்திரத்தைக் கழுவி வைக்கவேண்டும். அவள் சோறும் இரசமும் வைத்தாள்; நான் பாத்திரம் கழுவினேன். மும்பையில் தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் போகிறவன் நான். அவள் சற்று வியப்போடு பார்த்தாள்.

மூன்றாம் நாள் வனாக்காவிலிருந்து ஹாஸ்ட் கணவாயைக் கடந்து மேற்குக் கடற்கரைக்கு இறங்கினோம். அந்தச் சாலையில் ஆறுகள் மிகுதி. பாலங்கள் பலவும் ஒற்றைத்தடப் பாலங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகமுடியும். நுழைவில் ஒரு குறிப்பலகை இருக்கும். சிறிய சிவப்பு அம்பு நம் பக்கமானால், நின்று எதிரே வருகிறவருக்கு வழிவிடவேண்டும். 737 மீட்டர் நீளமுள்ள ஹாஸ்ட் பாலத்தில் மட்டும் நடுவில் ஒதுங்குவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. அதை நலமாகக் கடந்தோம்.

அதற்கப்பால் ஒரு சிறிய பாலத்தில் சிவப்பு அம்பு என் பக்கம் இருந்தது. மறுமுனையில் ஒரு பால் லாரி ஏறிக்கொண்டிருந்தது. ஆயினும் வேகமாக நுழைந்தேன். பாதியில் எதிரெதிரே நின்றோம். என் மனைவி மழையில் இறங்கி, பின்னால் நின்று கைகாட்ட, அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கினேன். லாரி ஓட்டுநர் ஒலிப்பானைக் கூட அழுத்தவில்லை. கடந்துபோகையில் ஒரு விரலை உயர்த்தி நன்றி தெரிவித்துவிட்டுப் போனார்.

அன்றிரவு விடுதியில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: "அந்த அம்பை நீங்கள் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். அதற்குள் போய்விடலாம் என்று நினைத்தேன்."

"எப்போதும் அப்படித்தானே" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உடைத்தது. மனையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வெகுநேரம் கூரையில் மழைச் சத்தம் மட்டுமே கேட்டது.

பிறகு சொன்னாள்: "கேட்டிருந்தால் நானும் சரி என்றே சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லையே."

விடியும்வரை பேசினோம். ஆலயத்தில் ஏன் கண் கலங்கினாய் என்று அப்போதுதான் கேட்டேன். தன் தாயை அடக்கம் செய்த நாளை நினைத்ததாகச் சொன்னாள். வேலையைக் காரணம் காட்டி நான் ஊருக்குப் போகாத நாள் அது.

மும்பை திரும்பியபின் அந்த மனையை வேண்டாமென்று விட்டுவிட்டோம். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்ப வராது. மறைத்ததற்கு நான் செலுத்திய அபராதம் என்று எண்ணிக்கொள்கிறேன். ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இப்போது இருவருமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அன்பான வாசகரே, இந்த மாதம் உங்கள் வீட்டில் எடுக்கப்போகிற தீர்மானம் எது? மறுமுனையில் நிற்கிறவரை ஒருதரம் பார்த்துவிட்டு நுழையுங்கள்.