உப்பு போட்டேனா?

"ரசத்துக்கு உப்பு போட்டேனா?" என் சமையலறையில் தினமும் எழும் கேள்வி இது. பதில், அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் நோட்டில் இருக்கும். உப்பு போட்டதும் ஒரு கோடு, மாத்திரை போட்டதும் ஒரு கோடு. பல வருஷப் பழக்கம்.

2009-ல் எனக்கு 33 வயது. காலையில் எழுந்தாலே தலைவலி, கூடவே வாந்தி. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தே மூன்று மாதம் ஓட்டினேன். நீங்கள் அப்படி ஓட்டாதீர்கள், சகோதரிகளே! ஒரு நாள் மாவு அரைக்கும்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். மூளையில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் மெதுவாக வளரும் வகை என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆயிற்று. பிறகு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம், 30 தடவை கரண்ட் வைத்தார்கள். ஒரு பக்கம் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. பூ வைத்து மறைத்துக்கொள்கிறேன்.

வலிப்பு மாத்திரை இரண்டு வேளையும் உண்டு. நன்றாக இருக்கிறோமே என்று நாமாக அதை நிறுத்தக் கூடாது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம் என்பதால் வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிப்பதில்லை. வருஷா வருஷம் ஸ்கேன். அதற்கு முதல் வாரம் முழுக்க வயிற்றில் புளி கரைக்கும். முடிவு நல்லபடியாக வந்தால் வீட்டில் பாயசம்.

2025 தை மாதம் என் பெண்ணுக்கு வரன் வந்தது. "அண்ணி, உங்க வியாதியைப் பத்தி மூச்சு விடாதீங்க" என்றாள் நாத்தனார். எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். "பொண்ணுக்கும் வருமோ?" என்றார்கள். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

அன்று ராத்திரி நான் அழுதேன். என் பெண்ணோ, "போகட்டும்மா. மறைச்சுக் கட்டிக்கிட்டு நான் தினம் பயப்படணுமா?" என்றாள்.

அடுத்த வரனிடமும் சொன்னேன். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கு வலிப்பு வந்தா நாங்க என்ன செய்யணும்? சொல்லி வையுங்க" என்றார்.

"ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில ஸ்பூன் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. சாவிக்கொத்தும் வேண்டாம். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றேன்.

ஆவணியில் கல்யாணம். முதல் நாள் ராத்திரி பூ கட்டிக்கொண்டிருந்த என்னை, "நீங்க படுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று எழுப்பிவிட்டார் சம்பந்தியம்மா. காலையில் முகூர்த்தத்துக்கு முன்னால் கையில் தண்ணீர் டம்ளருடன் வந்து நின்றார்.

"மாத்திரை போட்டாச்சா?"

நோட்டு வீட்டில் இருந்தது. அன்று எனக்கு அது தேவைப்படவில்லை.