துவர்ப்புக்குத் துணை

இத்தாலியின் வடமேற்கே, பியட்மாண்ட் வட்டாரத்தின் லாங்கே குன்றுகளில் என் பழைய சக ஊழியரின் வீடு இருக்கிறது. ஜூரோங் கப்பல் பட்டறையில் 9 ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ஓய்வுபெற்றதும், நவம்பரில் ஒரு வாரம் வந்து தங்கும்படி அழைத்தார்.

நான் குடிக்காதவன். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தேன். சம்பள நாளன்று அப்பா நேரே கள்ளுக்கடைக்குப் போவார். கள் போதாவிட்டால் சம்சு. அம்மா ஆக்கிவைத்த சோறு ஆறிக் கிடக்கும். "நீ அதைத் தொடக்கூடாது" என்று அம்மா என்னிடம் சொன்னபோது எனக்கு 14 வயது.

நண்பர் வீட்டில் முதல் நாள் இரவே மேசைக்கு பரோலோ வந்தது. அந்தக் குன்றுகளின் 11 ஊர்களில் விளையும் நெபியோலோ திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின் அது. அறுவடைக்குப் பின் குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அதற்கு முன் விற்கச் சட்டம் இடம் தராது. அவர்கள் குடும்பமே திராட்சைத் தோட்டக் குடும்பம். மறுக்க மனமில்லாமல் ஒரு வாய் குடித்தேன்.

நிறம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் பச்சை வாழைப்பூவைக் கடித்ததுபோல் நாக்கும் ஈறும் வறண்டு இழுத்தன. நண்பர் சிரித்தார். "வெறும் வாயில் குடிக்கும் ஒயின் இல்லை இது. சாப்பாடு வரட்டும்" என்றார்.

முதலில் முட்டை மஞ்சள்கருவில் பிசைந்த 'தயாரின்' என்ற மெல்லிய நூடல்ஸ், வெண்ணெய் மணக்க வந்தது. அடுத்து இறைச்சி. வழக்கமாக மாட்டிறைச்சியை பரோலோவிலேயே ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். நான் மாடு சாப்பிடமாட்டேன் என்பதால், நண்பரின் தாயார் ஆட்டுத்தொடையை அதேபோல் சமைத்திருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி குடித்தேன். இழுவை அடங்கி, அதே ஒயின் இதமாக இறங்கியது.

காரணம் எளிது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறள்கிறது. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் இருந்தால் அவற்றின் புரதத்தோடும் கொழுப்போடும் அது சேர்ந்துவிடும். விருந்தில் யாராவது பரோலோ வைத்தால், 2 மணி நேரம் முன்பே திறந்து வைக்கச் சொல்லுங்கள். காரம் குறைத்த ஆட்டுக்கறி பொருந்தும். மீனோடு சேர்ந்தால் உலோக வாடை வரலாம். மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் எரிச்சல்தான் கூடும்.

80 வயதைத் தாண்டிய அந்தத் தாயார் அரைக் கிண்ணம் மட்டும் குடித்தார். தட்டுகளை எடுத்ததும் போத்தலைத் தக்கையால் மூடி அலமாரியில் வைத்துவிட்டார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நான் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் மறைக்கவில்லை.

"உங்கப்பா குடிச்சதும் அதுவும் ஒன்னாடா?"

"போதை ஒன்னுதாம்மா. அவங்க சாப்பாட்டோட உட்கார்ந்து குடிக்கிறாங்க. சாப்பாடு முடிஞ்சா அதுவும் முடிஞ்சுடுது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உங்கப்பாவும் சோத்து நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கலாம்" என்றார். பிறகு எழுந்து எனக்குத் தட்டு வைத்தார்.