கேஷை க்ளியர் பண்ணிப் பாருங்க

அன்று டெஸ்டிங்கில் இருந்தவரிடம் மூன்று முறை அப்படிச் சொன்னேன். மூன்று முறையும் தப்பு என்னுடையது.

2013. சென்னையில் ஒரு சின்ன அலுவலகம். எங்கள் ஜாவா அப்ளிகேஷனை டெஸ்ட் சர்வரில் ஏற்றுவது என் வேலை. மேவன் தரும் வார் ஃபைலை வின்எஸ்சிபியில் அனுப்பி, டாம்கேட்டை நிறுத்தி, வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமை வேறு.

இன்வாய்ஸ் பக்கத்தில் வரிக் கணக்கு தப்பியிருந்ததைச் சரிசெய்து ஏற்றினேன்.

"அப்படியேதாங்க இருக்கு" என்றார். வேறு பிரவுசரில் பார்த்தார், பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரிலும் பார்த்தார். "என் மிஷின்ல சரியா வருதே" என்று நான் மூடிய பக்கை அவர் திரும்பத் திறந்தார்.

மாலை ஆறு மணிக்குத்தான் வெப்ஆப்ஸுக்குள் எட்டிப்பார்த்தேன். வார் ஃபைலில் அன்றைய தேதி. பக்கத்திலேயே, அதே பெயரில் விரிந்து கிடந்த ஃபோல்டரில் போன வாரத் தேதி. எங்களுடையது டாம்கேட் 6. அந்த ஃபோல்டர் இருந்தால் புது வாரை அது பிரிக்காது, பழையதையே ஓட்டும். அழிக்க மறந்திருந்தேன். ஒரு மனுஷி நாள் முழுக்கப் போன வார வெர்ஷனைச் சோதித்திருக்கிறார்.

மறுநாளே ஜென்கின்ஸில் ஜாப் எழுதினேன். பில்ட், நிறுத்து, ஃபோல்டரை அழி, வாரைப் போடு, ஸ்டார்ட். மறதிக்கு இடமில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டே வாரம். ஜாப்பில் வெற்றிக்கான நீல உருண்டை, சர்வரில் 404. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மாறியதில் அப்ளிகேஷன் எழவே இல்லை, கேட்டலினா லாக் நிறைய எரர். ஆனால் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட், டாம்கேட்டைத் தட்டி எழுப்பிவிட்டு உடனே திரும்பிவிடும். உள்ளே அப்ளிகேஷன் எழுந்ததா என்று நின்று பார்க்காது. என் குணத்தை அப்படியே அதற்கும் கொடுத்திருந்தேன்.

பிறகு கடைசிப் படி ஒன்று சேர்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கிட் கமிட் எண்ணின் முதல் ஏழு எழுத்துகள் தெரியும். ஏற்றி முடித்ததும் ஜாப்பே ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கி, எண் பொருந்தாவிட்டால் சிவப்பாகிவிடும். ஜாப்பை ஓட்டும் உரிமையையும் டெஸ்டிங்கிடம் கொடுத்தேன்.

அதன்பின் அவர் எழுதிய ஒவ்வொரு பக்கிலும் முதல் வரி அந்த ஏழு எழுத்துதான். கேஷைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்பே தரவில்லை.