இலுப்பூருக்கு இந்தியா வந்தது, ஆறு?

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்பார்கள். சரி, ஆறு இல்லாத ஊருக்கு எது ஆறு? பதில் வேண்டுமானால் விராலிமலையில் பஸ் ஏறி, இலுப்பூரில் இறங்குங்கள்.

நைல், சிந்து, காவிரி என்று நாகரிகமெல்லாம் ஆற்றங்கரையில் பிறந்ததாகப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டிருக்கிறோம். இந்தச் சீமைக்கு வாய்த்தது வெள்ளாறு. (சிதம்பரம் பக்கம் ஓடுவது வேறு சார், இது தெற்கு வெள்ளாறு!) மழை பெய்தால் ஆறு, மற்ற நாளில் மணல். ஆனாலும் அந்தஸ்து பெரிசு. வடக்கே கோனாடு, தெற்கே கானாடு. சோழனுக்கும் பாண்டியனுக்கும் பழைய எல்லைக்கோடு இதுதான்.

இலுப்பூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சரித்திரம் காலில் இடறுகிறது. மேற்கே போனால் கொடும்பாளூர். 'பொன்னியின் செல்வன்' வானதியின் ஊர் என்றால் உடனே புரியும். அங்கே இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோவிலில் இன்று நிற்பவை இரண்டு, மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் பாக்கி. கிழக்கே அன்னவாசலைத் தாண்டினால் சித்தன்னவாசல். ஏழடிப்பட்டம் குகையில் சமணத் துறவிகளின் கல் படுக்கைகள். அதில் உள்ள தமிழ் பிராமி எழுத்துக்கு வயசு சுமார் 2,000.

காவிரி எட்டாத இந்த வறண்ட பூமியில் இத்தனை பேர் எப்படிப் பிழைத்தார்கள்? ஏரி, கண்மாய், குளம் என்று ஆயிரக்கணக்கில் வெட்டித்தான்! நீர்நிலைக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழித் தூம்பு. மேல் துளையைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர். கீழே இருக்கும் சேறோடித் துளைகள் வழியாக வண்டலும் சேர்ந்து வெளியேறிவிடும். தண்ணீரும் உரமும் ஒரே டெலிவரி!

அப்புறம் தொண்டைமான் ராஜ்ஜியம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலும் 'அம்மன் காசு' என்று சொந்த நாணயம் வைத்திருந்த சமஸ்தானம். 1948 மார்ச் 3-ம் தேதி, ராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில் இந்தியாவோடு இணைந்தது. திருச்சி ஜில்லாவோடு ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமானது. ராஜா போய் கலெக்டர் வந்தார், பஸ் வந்தது, கரண்ட் வந்தது. ஆறுதான் பாக்கி.

அதற்கும் 2021 பிப்ரவரி 21-ல் விராலிமலை பக்கம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய், நீளம் 262 கிலோ மீட்டர்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவரிடம், "அய்யா, காவிரி வரப்போகுதாமே?" என்றேன்.

"வரட்டும் தம்பி. வந்தா எங்க தேக்குவாங்க? வரத்து வாய்க்காலு மேலயெல்லாம் வீட்டைக் கட்டிப்புட்டு, கம்மாயில கருவேலத்தை வளத்துப்புட்டு..." என்றவர், மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

எனக்கு பி.காம். புத்தி. மனசுக்குள் பேரேடு விரிந்தது. தேசம் கொடுக்கப்போகும் கால்வாய் வரவு, சந்தோஷம். ஆனால், தாத்தா வெட்டிய ஏரிதானே ஆரம்ப இருப்பு? அதைத் தொலைத்துவிட்டு ஆற்றை வரவு வைக்க, எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டார்!