பாட்டி ஏறிய இரண்டாவது படகு

எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாளாக ஒரே சண்டை. முட்டுக்காடு படகு குழாமுக்குப் போனால் மோட்டார் படகில் ஏறுவதா, ஸ்பீடு போட்டில் ஏறுவதா? ஸ்பீடு போட்தான் என்று தம்பி. கூரை போட்ட மோட்டார் படகுதான் என்று அம்மா. அப்பா மட்டும், "முதல்ல பாட்டி வராங்களான்னு கேளுங்க" என்று போட்டார். அதோடு குரூப் அமைதியாகிவிட்டது.

பாட்டி வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் படகில் ஏறியிருக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில். அப்போது கோட்டூர்புரத்தில், அடையாற்றுக்குப் பக்கத்தில், தரைத்தள வீட்டில் இருந்தோம். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட இரவில் தண்ணீர் ஏற ஏற, மாடி வீட்டுக்காரர்களிடம் தஞ்சம் புகுந்தோம். மறுநாள் மீனவர்கள் ஃபைபர் படகோடு வந்தார்கள். தெருவில் மோட்டாரைப் போட முடியவில்லை. அடியில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. கம்பால் தள்ளிக்கொண்டே வந்து பால்கனியிலிருந்து பாட்டியைக் குழந்தை மாதிரி தூக்கி இறக்கினார்கள். நான் பள்ளி மாணவி. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனதில் எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட இருந்தது. பாட்டி அதன் பிறகு கபாலி கோயில் தெப்பத்தைக்கூடத் தள்ளி நின்றுதான் பார்ப்பார்.

அதனால் இந்த முறை "நானும் வரேன்" என்று அவர் சொன்னபோது யாருக்கும் நம்பிக்கை வரவில்லை.

மயிலாப்பூரிலிருந்து ஈ.சி.ஆரில் ஒரு மணி நேரம். 1984-லிருந்து இயங்கும் குழாம் அது. கடலும் காயலும் சேரும் இடம் என்பதால் காற்று முகத்தில் அறையும். ஸ்பீடு போட் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு சீறிப் போனது. வேகம் கூடினால் அதன் அடிப்பகுதி தண்ணீரைக் கிழித்துப் போகாமல் மேலேறி ஓடும். சின்ன அலைகூட இடுப்பில் இடிக்கும். முதுகுவலி உள்ளவர்களை அதில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. மோட்டார் படகு மெதுவானது, அகலமானது. ஆட்டம் குறைவு, நேரமும் கூடுதல். பெரியவர்கள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. எதில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பக்கிளையும் மாட்டுங்கள். செல்ஃபிக்காகக் கழற்றாதீர்கள்.

தம்பி கோபித்துக்கொண்டு ஸ்பீடு போட் வரிசைக்குப் போனான். நாங்கள் மோட்டார் படகில் ஏறினோம். பாட்டி நடு இருக்கையில் உட்கார்ந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பாதி தூரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு படகோட்டியைப் பார்த்து, "தம்பி, நீங்க எந்த ஊர்?" என்றார்.

"இங்கதான் பாட்டி, கோவளம்."

"வெள்ளத்தப்போ கோட்டூர்புரம் வந்தீங்களா?"

"நான் அப்போ ஸ்கூல் பையன் பாட்டி."

பாட்டி சிரித்தார். கரை இறங்கியதும் பையிலிருந்து புளியோதரைப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தார். வேண்டாம் என்றவரை விடவில்லை.

"அன்னிக்கு அந்தப் பசங்க காலையிலேர்ந்து சாப்பிடலைன்னு சொன்னாங்க. என் கையில ஒண்ணும் இல்லடீ" என்றார் என்னிடம். பத்து வருஷத்தில் முதல் முறையாக இதைச் சொல்கிறார். படகுக்குப் பயந்திருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தொப்பலாக நனைந்து வந்த தம்பி, "எனக்குப் புளியோதரை எங்க?" என்றான்.

"உன் பங்குதான் போச்சு" என்றார் பாட்டி.