ஒரு மைக்ரோன் மினுக்கம்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களை ஆர் படம் எடுத்தாலும் ஒரே மாதிரித்தான் எடுக்கினம். கறள் பிடிச்ச மட்காட், வெடிச்ச பெயின்ற், பின்னால ஒரு இடிஞ்ச மதில். மொடல் கார் செய்யிற ஆக்களிட்டையும் இந்தப் பழக்கம் இருக்கு. யுத்தம் நடந்த ஊர்க் கார் எண்டால் புழுதி பூசு, கறள் தீட்டு, மினுக்கத்தை அடக்கு. எனக்கு இதில உடன்பாடில்லை.

அப்பப்பா ஓடினது கறுப்பு மொறிஸ் மைனர், வாடகைக் கார். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கி, பெற்றோல் தடைப் பொருளான பிறகு, குடாநாட்டில் மற்றக் கார்களைப்போல அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேணும். அது பொனற்றுக்குக் கீழ ஒரு சின்னப் போத்திலில் இருக்குமாம். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திவிடுறது. அந்தப் பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. அதனால்தான் தாக்குப் பிடித்தன. பின்னால ஒரே வெள்ளைப் புகை. ஆனால் அந்தக் காலத்திலும் கார் மினுங்கியது என்று அப்பா சொல்லுவார். விடிய எழும்பி, பழைய வேட்டித் துண்டால் காரைத் துடைக்கிறதுதான் அப்பப்பாவின்ர முதல் வேலை. மாப்பிள்ளை ஏறுற கார் மங்கிக் கிடக்கேலாதெல்லோ.

போன வருசம் லண்டனிலிருந்து மாமி ஒரு மொறிஸ் மைனர் அனுப்பினா. 1:43 அளவு, நீளம் ஒன்பது சென்ரிமீற்றர்கூட வராது. பச்சை நிறம். பழைய பெயின்ற்றை உரிச்சு, பிறைமர் அடிச்சு, கறுப்பாக்கியாச்சு. ஹாட்வெயார் கடைக் கறுப்பு, மினுக்கமில்லாமல் சிலேற் மாதிரிக் காய்ஞ்சுது. அதுக்கு மேல கிளியர் கோற் அடிக்கிறதா, இல்லையா?

சரித்திரப்படி பார்த்தால் அடிக்கக் கூடாது. 1948 இல் அறிமுகமான இந்தக் காருக்குக் கிளியர் கோற்றே கிடையாது. நிறமும் மினுக்கமும் ஒரே பெயின்ற்றுக்குள்தான். மேல தனியாக ஒரு நிறமில்லாத படை பூசுற முறை கார்களில் பரவலானது 80களில்.

இன்னொரு சிக்கல் கணக்கு. இப்பத்தைய காரில் கிளியர் படையின் தடிப்பு ஏறக்குறைய 40, 50 மைக்ரோன். அதை 43 ஆல் பிரிச்சால் வாறது ஒரேயொரு மைக்ரோன். ஸ்பிறே ரின்னால் ஒண்டிரண்டு தரம் நனைய அடிச்சாலே 25 மைக்ரோன் வந்திடும்; உண்மைக் காரின் அளவுக்குப் பெருப்பிச்சால் அது ஒரு மில்லிமீற்றருக்கு மேல. கன மொடல்கள் சீனிப்பாகில தோய்ச்ச மாதிரித் தெரியுறதுக்குக் காரணம் இதுதான். கதவு இடுக்கெல்லாம் அடைபட்டு, கார் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

அதால நான் எடுத்த முடிவு: அடிக்கிறது, பிறகு தேய்ச்சுக் குறைக்கிறது.

எப்ப அடிக்கிறது எண்டதை எங்கட ஊரில் காற்றுத்தான் தீர்மானிக்கும். கார்த்திகை, மார்கழி மழைக்குள் அடிச்சால் படை பால்போல வெளிறும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிருது, காற்றில் இருக்கிற ஈரம் அதில படியுது. சோளகம் எழும்பினால் முத்தத்துப் புழுதி முழுக்கக் காரில்தான். எனக்குத் தோதானது பங்குனி, காற்று விழுந்த ஒரு காலமை. முதல் இரண்டு தரம் வெறும் தூவல், நனையவே கூடாது. பத்து நிமிசம் விட்டு, மூன்றாம் தரம் மட்டும் ஓரளவு நனைய அடிச்சு, உடன பிளாஸ்ரிக் பெட்டியால் கவிழ்த்து மூடிவிட வேணும். பிறகு ஒரு கிழமைக்குத் தொடக் கூடாது. இதுதான் கஷ்டம்.

கராச்சில் அடிக்கிற ரூ-கே கிளியரை வாங்கி அடிச்சால் இன்னும் மினுங்கும் எண்டு ஒரு சிநேகிதன் சொன்னான். உண்மைதான். ஆனால் அதின்ர ஹாட்னரில் ஐசோசயனேற் இருக்கு, நுரையீரலைப் பழுதாக்கும். சாதாரண மாஸ்க் அதுக்குக் காணாது. அறைக்குள்ள வைச்சு அடிக்கிற சாமானே இல்லை.

காய்ஞ்ச பிறகு 2000 இலக்க அரத்தாள், தண்ணி, ஒரு சொட்டுச் சவர்க்காரம். தட்டையான இடங்களில் மட்டும் மெல்லத் தேய்க்கலாம். விளிம்புகளில் படை எப்பவும் மெல்லிசு, கை பட்டால் பிறைமர் தெரியும். அதுக்குப் பிறகு கட்டிங் பேஸ்ற், பழைய துணி, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். மூண்டு நாளில் சீனிப்பாகு போய்விட்டது. கூரையில் யன்னல் கம்பியின் நிழல் விழுந்தது, கண்ணாடியில் தெரியுற மாதிரிக் கூராக இல்லை, கொஞ்சம் கலங்கினபடி. துடைச்சுத் துடைச்சு வாற மினுக்கம் இப்படித்தான் இருக்கும்.

அப்பா அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மினுக்கத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. நகத்தால் பொனற்றின் விளிம்பை நெம்பினார்.

"இது திறக்காதே?"

"இல்லையப்பா, ஒரே வார்ப்பு."

"அப்ப பெற்றோல் போத்திலை எங்கயடா வைக்கிறது?"